கொண்டலுக்கு மறைவான பக்கம்

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் கடல் தெரியும். அப்படியிருந்தும் 57 வயது வரைக்கும் முழங்காலுக்கு மேல் கடல்தண்ணீர் பட்டதில்லை. எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் நீந்தப் பழகுவது என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவள் கரீபியன் கடலில் குப்புறக் கிடந்து மீன் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கதைதான் இன்றைக்கு.

அட்லாண்டாவில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. அவன்தான் ஏற்பாடு. மயாமியில் கப்பல் ஏறி, கொசுமெல், பெலீஸ், ரோவத்தான், கிராண்ட் கேமன் என்று நான்கு இடம் பார்த்துவிட்டு மயாமிக்கே திரும்புகிற ஏழு இரவுப் பயணம். கொசுமெல் மெக்சிகோவைச் சேர்ந்தது. ரோவத்தான் ஹோண்டுராசுக்கு உரியது. கேமன் இன்றும் பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பல் திரும்பி வரும்போது அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைகிறோம். ஒருமுறை நுழைய மட்டும் தந்த விசா அதற்கு உதவாது.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பதினைந்து மாடி ஹோட்டல் ஒன்று மிதந்து போகிறது, அவ்வளவுதான். கரையில் இறங்கி என்ன செய்கிறோம் என்பதில்தான் இந்தப் பயணத்தின் ருசி இருக்கிறது. ஒவ்வொரு துறைமுகத்திலும் நமக்குக் கிடைப்பது ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ. அதை எப்படிச் செலவழிப்பது என்று கேட்டால், பட்டியல் நீட்டுவார்கள். அந்தப் பட்டியலில் பாதி, ஸ்நார்கெலிங்.

முகத்தில் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழாய், காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர் துடுப்பு. முதுகில் காற்று உருளை எதுவும் கிடையாது. தண்ணீரின் மேல்பரப்பில் குப்புற மிதந்தபடி கீழே நடப்பதைப் பார்க்க வேண்டியதுதான். காற்றடைத்த ஜாக்கெட் தருகிறார்கள். நீந்தத் தெரியாதவர்களையும் அது தாங்கும். தாங்குமே தவிர, அலை அடித்தால் அது ஒன்றும் செய்யாது.

தம்பி போனைக் காட்டினான். "அக்கா, இதைப் பாருங்க. கேட்டமரான் படகு. ரெண்டு இடத்துல ஸ்நார்கெல், அப்புறம் பீச், சாப்பாடு, பாட்டு, டான்ஸ். ரம் வேற எவ்வளவு வேணாலும் குடிக்கலாமாம்." நான் ரம் குடிப்பதில்லை, டான்ஸும் வராது. நாலு மணி நேரம், எல்லாம் சேர்த்து ஒரே காசு என்றதும் தலையாட்டிவிட்டேன்.

அது கொசுமெலில். படகில் அறுபது பேர் இருந்திருப்போம். பாறை இருக்கிற இடத்துக்குப் போக முக்கால் மணி நேரம். ஜாக்கெட், கண்ணாடி எல்லோருக்கும் மாட்டி முடிக்க இன்னொரு அரைமணி. தண்ணீரில் குதித்தால் கீழே தெரிந்தது பவளம் இல்லை, முன்னால் போகிற வெள்ளைக்காரரின் ரப்பர் துடுப்பு. அது என் கண்ணாடியில் இரண்டு தரம் இடித்தது. அங்கே நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும். நாம் கையைக் காலை ஆட்டாமலே அது நம்மைக் கொண்டுபோகும், படகு பின்னால் வந்து ஏற்றிக்கொள்ளும். தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம். அறுபது பேரை ஒரே கூட்டமாக அந்த ஓட்டத்தில் விட்டால், தேர்த்திருவிழா நெரிசல்தான். படகில் திரும்ப ஏறி, தம்பியின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். நாலு மணி நேரத்தில் தண்ணீரில் இருந்தது 35 நிமிஷம்.

அன்று ராத்திரி கப்பலில் உட்கார்ந்து மீதி மூன்று ஊர்களுக்கும் நான் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டேன். மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்பதை விட்டுவிட்டேன். தண்ணீருக்குள் எத்தனை நிமிஷம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை தலை, அந்த இடம் தீவுக்கு எந்தப் பக்கம். இவை மட்டும்தான் கேள்வி.

மூன்றாவது கேள்வி என் தாத்தா கொடுத்தது. தாத்தா கொழும்புக்குப் போய்வரும் தோணியில் தண்டல். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர் சொல்லாமல் அவருக்குப் பேச்சே வராது. கரீபியனில் வருஷத்தில் பெரும்பாலான நாள் கிழக்கேயிருந்துதான் காற்று. நம் பேச்சில் கொண்டல். தீவின் கிழக்குக் கரையில் அலை மோதிக் கிடக்கும். மேற்குப் பக்கம் தீவே காற்றுக்குத் தட்டி கட்டினாற்போல் அமைதியாக இருக்கும். கொசுமெலின் கப்பல் துறை மேற்கில். கேமனின் ஜார்ஜ் டவுன் மேற்கில். ரோவத்தானில் பேர்பெற்ற பவளப்பார் இருக்கும் கடற்கரைக்கு வெஸ்ட் பே என்றே பெயர். எல்லாம் தற்செயல் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் சில நாள் வட அமெரிக்காவிலிருந்து வாடை இறங்கும். அப்போது கணக்கு தலைகீழாகிவிடும். ஜார்ஜ் டவுனில் கப்பலால் நிற்க முடியாமல் தீவின் தென்பக்கம் ஸ்பாட்ஸ் என்ற இடத்துக்குப் போவதும் உண்டு. ஒரேயடியாகத் தீவைத் தவிர்த்துவிட்டுப் போவதும் உண்டு. கப்பல்காரர்களிடமே சுற்றுலாவை வாங்கியிருந்தால் அப்படிப்பட்ட நாள்களில் பணம் திரும்ப வரும். வெளியே சின்னப் படகுக்காரரிடம் பேசியிருந்தால், முன்பணத்துக்கு என்ன வழி என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

வெளியே பேசுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கப்பல்காரர்களின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அதிலும் கடிகாரம் குழப்பும். பெலீசும் ஹோண்டுராசும் வருஷம் முழுக்க ஒரே நேரம் வைத்திருக்கின்றன. மயாமி நேரத்தில் ஓடும் கப்பலுக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் ஒரு மணி, கோடையில் இரண்டு மணி வித்தியாசம். கரையில் இறங்கியதும் போன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டு நம்மைக் கவிழ்த்துவிடும். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

பெலீஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத்திட்டுக்கு அடுத்த நீளமான தடுப்புப் பார் அந்த வட்டாரத்துடையது. பெலீஸ் பகுதி 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2009 முதல் 2018 வரை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் இருந்தது. கடலில் எண்ணெய் எடுப்பதை அந்த நாடு தடைசெய்த பிறகுதான் வெளியே வந்தது. ஆழம் போதாது என்பதால் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரம் போடுகின்றன. சின்னப் படகு நம்மைக் கரைசேர்க்கவே நேரம் பிடிக்கும். தம்பிக்கு அந்த நீலக்குழியைப் பார்த்தே ஆக வேண்டும். வானத்திலிருந்து எடுத்த படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கடலுக்கு நடுவே கருநீல வட்டம். அகலம் சுமார் 300 மீட்டர், ஆழம் 120 மீட்டருக்கு மேல். மேலே மிதந்துகொண்டு அதன் நடுவில் எட்டிப்பார்த்தால் என்ன தெரியும்? நீலம் தெரியும். விமானத்தில் போகிறவர்களுக்கும் உருளை மாட்டி முங்குகிறவர்களுக்கும் உரிய இடம் அது. போய்வரவே நாள் போதாது. கிட்டத்தில் இருந்த ஒரு மணல்திட்டுக்குப் போனோம், நன்றாகவே இருந்தது.

ரோவத்தானுக்கு வருகிறேன். அங்கே சுற்றுலாவே வாங்கவில்லை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு டாக்ஸி பேசி, திரும்பிவர நேரம் சொல்லி, வெஸ்ட் பே போனோம். கடற்கரையின் தெற்குக் கோடியில் பவளப்பார் கரைக்கு அவ்வளவு பக்கம். மணலில் உட்கார்ந்து துடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கலாம். படகும் வேண்டாம், கூட்டமும் இல்லை. பயம் வந்தால் நாலு தள்ளு தள்ளினால் கரை. நீந்தத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பேன். படகிலிருந்து குதிக்கிறபோது முதல் நிமிஷத்திலேயே ஆழம். இங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் முக்கி, குழாய் வழியாக மூச்சு விடப் பத்து நிமிஷம் பழகினேன். நம் மூச்சுச் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும். அது சீராகிவிட்டால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று.

கண்ணாடி விஷயத்தில் தம்பிக்குத்தான் சங்கடம். மீசை. ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டினால்தான் தண்ணீர் நுழையாது. மீசைமுடி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறி மூக்கை எட்டிவிடுகிறது. "மழிச்சிருங்களேன்" என்றாள் அவன் மனைவி. அவன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் மீசைமேல் வாசலைனைத் தடவி அடைத்தோம். கண்ணாடி நமக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒரு வழி: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் காற்றை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்களுடையது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள், பவர் வைத்த கண்ணாடி இருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். உடுப்பைப் பற்றியும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. காட்டன் சுடிதாரோடு இறங்காதீர்கள். தண்ணீர் குடித்து அது நம்மையே கீழே இழுக்கும். உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கின்ஸும் போதும். முதுகு கருகாது, சன்ஸ்கிரீனும் அதிகம் தேவைப்படாது. அந்தக் களிம்புகளில் சிலது பவளத்துக்கு ஆகாது.

பாரின் விளிம்பைத் தாண்டியதும் ஒரு சத்தம் கேட்டது. கடக், கடக். யாரோ கற்கண்டு கடிக்கிறார்கள். தேடிப் பார்த்தால் பச்சையும் ரோஜா நிறமுமாக முழங்கை நீளத்தில் ஒரு கிளிமீன். அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. பாசியைத் தின்னும்போது சுண்ணாம்பும் உள்ளே போகிறது. அரைத்து, பின்பக்கம் வெண்புகை மாதிரி விட்டுவிட்டு நகர்ந்தது. நான் உட்கார்ந்து துடுப்பு மாட்டிய அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

அதற்குப் பக்கத்திலேயே மூளைப்பவளம் ஒன்று. பெரிய அண்டா அளவு. மூளை மடிப்பு மாதிரியே வரிவரியாக இருக்கும். அதில் பாதி பழுப்பு, பாதி எலும்பு வெள்ளை. பவளத்தின் சதை கழன்றுபோகும் ஒரு நோய். 2014-இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது, நாங்கள் கப்பல் ஏறிய மயாமிக் கடலில்தான். 2018-இல் மெக்சிகோக் கரைக்கு வந்தது. 2019-இல் பெலீஸ். 2020-இல் கேமனும் ரோவத்தானும். எங்கள் பயணச்சீட்டில் இருந்த ஊர்கள் அத்தனையும் அதற்கும் வழித்தடம். கப்பல்கள் அடித்தளத்தில் ஏற்றி இறக்கும் நிலைப்புத் தண்ணீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்ற சந்தேகமும் இருக்கிறது. அதைக் கேட்டபின் அன்று ராத்திரி கப்பல் சாப்பாடு எனக்குச் சரியாக இறங்கவில்லை. இதைப் பேச எனக்குத் தகுதி உண்டா என்றும் தோன்றியது. எங்கள் மன்னார் வளைகுடாப் பார்களைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்த ஊர்க்காரிதானே நானும்.

கடைசி ஊர் கிராண்ட் கேமன். அங்கே வடக்கே ஒரு பெரிய காயல் மாதிரியான விரிகுடா. முன்னொரு காலத்தில் மீனவர்கள் அதன் அமைதியான தண்ணீரில் நின்று மீனைச் சுத்தம் செய்து குடலை வீசுவார்கள். அதைத் தின்னத் திருக்கைகள் வந்தன. வந்தவை பழகிவிட்டன. இப்போது இடுப்பளவு ஆழ மணல்திட்டில் மனிதர்கள் வரிசையில் நிற்க, திருக்கைகள் கணவாய்த் துண்டுக்காக வந்து உரசுகின்றன. இயல்பாக இரவில் தனித்து இரைதேடுகிற பிராணி, இங்கே பகலில் கூட்டமாகத் திரிகிறது. இது சரியா என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். போகாமலும் இருக்கவில்லை. எட்டுப் பேர் படகு, காலையில் முதல் ஆளாக. கப்பல் கூட்டம் வருவதற்குள் முக்கால் மணி கிடைத்தது.

"காலைத் தூக்கி வைக்காதீங்க, மணலில் தேய்ச்சுக்கிட்டே நடங்க" என்பதுதான் வழிகாட்டி முதலில் சொன்னது. மிதித்தால்தான் வால் முள் பாயும். தண்ணீருக்கு மேலே தூக்குவது அங்கே குற்றம். என்னைவிட அகலமான ஒரு பெண் திருக்கை நேரே வந்தது. இரண்டு கண்ணும் முதுகில் மேடாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒவ்வொரு துளை, திறந்து மூடித் திறந்து மூடி மூச்சு இழுக்கிறது. நடுமுதுகில் கொஞ்சம் சொரசொரப்பு. அடிவயிறு ஆட்டி எடுத்த உளுந்து மாவுதான். வாய் கீழ்ப்பக்கம் இருப்பதால் கணவாய் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. என் உள்ளங்கை முழுவதையும் தடவி, கண்டுபிடித்து, சர்ரென்று உறிஞ்சிக்கொண்டு போயிற்று. தம்பி போட்டோ எடுத்தான்.

ஊருக்கு வந்த மறுவாரம், வாசலில் மீன் கொண்டுவரும் பாட்டியிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏ யம்மா, எத்தன கிலோ தேறும்?"

"அங்க பிடிக்கக்கூடாது பாட்டி. சட்டம்."

"வாங்கவும் முடியாதா?"

"தொட்டுப் பார்க்கலாம். அவ்வளவுதான்."

"தொட்டுப் பாக்கவா ப்ளேன் ஏறிப் போனிய?" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டு, தராசில் அரைக்கிலோ சாளையை நிறுத்தாள்.