சாமான் டிரெய்லரில், சனம் பஸ்ஸில்!

("குடும்பப் பாசம் வளர்வது வீட்டுக்குள்ளேயா? வெளியிலேயா?" என்ற பட்டிமன்றத்தில் "வெளியிலேயே!" என்ற அணிக்காகப் பேசியது)



எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல ஃபேன் இருக்கு, கட்டில் இருக்கு, டி.வி. இருக்கு. கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போய் மரத்தடியில படுக்கணும்னு என்ன தலையெழுத்து?" என்றார். நல்ல கேள்விதான். ஐயா, வீட்டுல எல்லாம் இருக்கு. ஆள் இருக்காங்களா? (கைதட்டல்)

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய்ப் பாருங்கள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். அவர் வீட்டுக்கு வரும்போது பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பியிருக்கும். பிள்ளை திரும்பி வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். "சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு!" அப்பாவைப் பற்றி அந்தப் பிள்ளை அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான். கூரை ஒன்றுதான். ஆனால் ஒருத்தருக்கு ஒருத்தர் விருந்தாளி!

இந்தக் குடும்பம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை முதன்முறையாகப் பெரியபாளையம் கிளம்புகிறது என்று வையுங்கள். திருவள்ளூர் மாவட்டம், ஆரணியாற்றங்கரை, பவானி அம்மன் கோயில். ஆடி தொடங்கிப் பல வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சனக்கடல். முதல் நாள் ராத்திரியே வந்து தங்கி, விடிந்ததும் பொங்கல் வைத்து, வேப்பஞ்சேலை கட்டி வேண்டுதல் முடிப்பார்கள். அந்தக் காலத்தில் மாட்டுவண்டி. பிறகு டிராக்டர் டிரெய்லர், வேன். காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு போய்த் தங்கினால் மேல்நாட்டில் அதற்கு 'கேம்பிங்' என்று பெயர். நம்ம ஊரில் அதற்கு நேர்த்திக்கடன் என்று பெயர்! (சிரிப்பு)

அங்கே என்ன நடக்கிறது? அப்பா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுகிறார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவர் பார்க்கவில்லை. புகை முழுக்க அவர் கண்ணில். "அம்மா, அப்பா அழுறாரு!" என்கிறான் பையன். "ஒரு நாள் அழட்டும்டா, வெங்காயம் நறுக்கி நான் தினம் அழுறேன்" என்கிறாள் தாய். (பலத்த சிரிப்பு) தண்ணீர் தூக்க ஒருத்தர், விறகு எடுக்க ஒருத்தர், தூளி ஆட்ட ஒருத்தர். ஆளுக்கொரு வேலை வரும்போதுதான் ஐயா, ஆளுக்கு ஆள் பேச்சு வருகிறது!

இது புதுசும் இல்லை. நம்ம தொண்டை நாட்டு மன்னன் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதில் உப்பு விற்கிற உமணர்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போகிறார்கள். வண்டியிலேயே கோழிக்கூடு, காடிப் பானை. பிள்ளை பெற்ற தாய்தான் மாட்டை ஓட்டுகிறாள். நடமாடும் வீடு!

அடுத்து, எதிரணி அம்மையார் கேட்டார்: "டிரெய்லர்ல பிள்ளைங்களை ஏத்திட்டுப் போய்க் கவுந்தா என்ன பண்ணுவீங்க?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் அது நடந்திருக்கிறது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசம் கான்பூர் அருகே, கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கிவிட்டு டிராக்டர் டிரெய்லரில் திரும்பியவர்கள் குளத்துக்குள் கவிழ்ந்தார்கள். 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். (அமைதி)

காரணம் என்ன? டிரெய்லர் நெல்லுக்கும் செங்கலுக்கும் செய்த பெட்டி. உட்கார இருக்கை கிடையாது, பிடிக்கக் கம்பி கிடையாது. இழுப்பது டிராக்டர், இணைப்பது ஒரே ஒரு பின். மூட்டை அடியில் கிடக்கும். மனிதன் எழுந்து நிற்பான். அவன் நின்றால் பாரம் மேலே ஏறும். வளைவில் வேகமாகத் திரும்பினால் வண்டி சாயும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் சொல்வது சும்மா இல்லை. பிரிட்டனில் கட்டில், சமையலறை எல்லாம் வைத்த கேரவனாக இருந்தாலும், கார் அதை இழுத்துப் போகும்போது உள்ளே ஓர் ஆள் இருக்கக் கூடாது.

ஆகவே என் கட்சி என்ன? சாமான் டிரெய்லரில், சனம் பஸ்ஸில்! (கைதட்டல்) பாத்திரமும் பாயும் டிரெய்லரில் போகட்டும். பிள்ளைகள் உங்கள் மடியில் பஸ்ஸில் வரட்டும்.

இன்னொன்று. ஆற்றில் மணலைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை இருக்கிறது. மழை பெய்து அணை திறந்தால் காய்ந்த ஆறு பெருக்கெடுக்கும். ஆற்றுக்குள் படுக்காதீர்கள், கரையில் படுங்கள். கூட்டத்தில் பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். அடுப்பை அணைத்து, தண்ணீர் தெளித்துவிட்டுத் தூங்குங்கள்.

"இவ்வளவு ஆபத்து இருக்கே, அப்போ வீட்டிலேயே இருந்துடலாமே?" என்று எதிரணி எழுந்திருக்கும். அவ்வையார் புறநானூற்றில் அந்த உமணர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனார்களாம். அச்சு முறியும் என்று பயந்து அவன் வீட்டில் உட்காரவில்லை. இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைக்கிறார். முடித்துவிடுகிறேன். வீடு நமக்கு இடம் கொடுக்கிறது. ஒருத்தருக்கொருத்தர் நேரம் கொடுக்க வைப்பது வெளியில் கழிக்கிற அந்த ஒரு ராத்திரிதான். பத்திரமாகப் போங்கள், ஆனால் போங்கள்! பாசம் வளர்வது வெளியிலேயே என்று தீர்ப்புத் தாருங்கள்.