துணைவீரனின் வளர்ச்சி

பெருங்கதைகளிலே தலைவனுக்கு அருகில் துணைவன் ஒருவன் நிற்பது மரபு. அவனுடைய ஆற்றலைத் தலைவன் முழுதும் அறியாதிருப்பதுண்டு. அவனே அறியாதிருப்பதும் உண்டு. கடலைத் தாண்ட வேண்டிய வேளையிலே சாம்பவான் எடுத்துரைத்த பின்னரே அநுமன் தன் வலிமையை உணர்ந்தான் என்று இராமகாதை கூறுகின்றது. அவ்வாறு உணர்ந்த பின் அவன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை; கதையும் அவனைத் திரும்ப விடவில்லை. துணைவீரன் ஒருவனின் வளர்ச்சியை அளப்பதற்கு இதுவே தக்க உரைகல் எனலாம்.

இன்றைய இளைஞரின் கதையரங்காக விளங்கும் வீடியோ விளையாட்டையும் இவ்வுரைகல்லில் வைத்துப் பார்த்தல் தகும். காவியத்துக்கு முடிவு உண்டு. விளையாட்டுத் தொடருக்கோ, வாங்குவோர் உள்ள வரையில் முடிவில்லை. ஆண்டுகள் முப்பது கடந்தாலும் வீரனின் வயது ஏறுவதில்லை. ஒவ்வொரு புதிய ஆட்டமும், கதையை முன்பின் அறியாத புதிய சிறுவரையும் வரவேற்க வேண்டியிருக்கின்றது. இத்தகைய தொடரிலே துணைவீரன் வளர்வது எங்ஙனம்? வளர்ந்தவன் வளர்ந்தவனாகவே நிற்பது எங்ஙனம்? யப்பானிய நிறுவனமாகிய சேகா 1991 ஆம் ஆண்டில் தொடங்கிய சோனிக் தொடர், இவ்வினாக்களை ஆராய்வதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

சோனிக் என்பவன் நீல நிறம் படைத்த முள்ளெலி. கண்ணிமைக்கும் நேரத்தில் காதம் கடப்பது அவன் இயல்பு. இயந்திரப் படை கொண்டு உலகை ஆள முயலும் எக்மான் என்னும் விஞ்ஞானி அவனுடைய பகைவன். 1992 இல் வெளிவந்த இரண்டாம் ஆட்டத்திலே சோனிக்குக்கு ஒரு துணைவன் வாய்த்தான். இரட்டை வால் படைத்த நரிக்குட்டியாகிய அவனுக்கு டெயில்ஸ் என்று பெயர். அவ்வால்களைச் சுழற்றி வானிலே பறப்பான். அவனது இயற்பெயர் மைல்ஸ் பிரவர் என்பது. மணிக்கு இத்தனை மைல் என்று வேகத்தைக் கூறும் ஆங்கிலத் தொடரின் ஒலியை வைத்து விளையாட்டாகப் புனைந்த பெயர் அது.

அந்த ஆட்டத்தின் அமைப்பே துணைவனின் நிலையை உணர்த்திற்று. இரண்டாமவர் ஒருவர் மற்றொரு விசைக்கருவியை எடுத்து டெயில்ஸை இயக்கலாம். ஆயினும் திரை சோனிக்கையே பின்தொடரும். டெயில்ஸ் பின்தங்கினால் திரைக்கு வெளியே மறைந்து, சற்று நேரத்தில் பறந்து வந்து சேர்வான். அடிபட்டு வீழ்ந்தாலும் அவ்வாறே மீள்வான். வீட்டிலே அண்ணன் சோனிக்கை இயக்கத் தம்பி டெயில்ஸை இயக்குவதற்கு இஃது ஏற்றதாயிற்று. ஒரு சொல்லும் பேசப்படாமலே இருவரின் உறவும் விளங்கிவிட்டது. தலைவன் காத்து நிற்பதில்லை. துணைவன் விரைந்து சென்று சேர்ந்துகொள்ள வேண்டும்.

1998 இல் வெளிவந்த ‘சோனிக் அட்வெஞ்சர்’ இந்நிலையை மாற்றிற்று. அதிலே ஆறு பாத்திரங்களுக்குத் தனித்தனிக் கதைகள் அமைந்தன. டெயில்ஸின் பகுதி பெரும்பாலும் ஓட்டப்பந்தயமாகவே செல்கின்றது. யாருக்குப் பின்னால் ஓடினானோ, அந்தச் சோனிக்கையே அவன் முந்த வேண்டும். கால்வேகத்திலே சோனிக்கை வெல்ல அவனால் இயலாது. பறந்து குறுக்கு வழி கண்டே வெல்லலாம். கதையின் இறுதியில் எக்மான் நகரத்தின்மீது ஏவிய ஏவுகணை வெடிக்காமற் கிடக்கின்றது. அதனைத் தன் கையாலேயே வெடிக்க வைக்க அவன் விரைகின்றான். சோனிக் அங்கு இல்லை. எட்டு வயதுச் சிறுவனாகிய டெயில்ஸ் தனித்து நின்று எக்மானை வென்று நகரத்தைக் காக்கின்றான். விளையாடுபவர் தம் விரல்களாலேயே அவ்வெற்றியைப் பெற்றமையால், அவனுடைய வளர்ச்சி அவர்களுடைய அனுபவமும் ஆயிற்று.

ஏமி என்னும் பெண் முள்ளெலியின் வரலாறும் இத்தகையதே. 1993 இல் அவள் தோன்றியபோது பகைவனால் கவர்ந்து செல்லப்பட்டு, சோனிக்கால் மீட்கப்படுபவளாகவே இருந்தாள். 1998 இல் ஒரு சிறு பறவைக்கு அடைக்கலம் தந்து, தன்னை விடாது துரத்தும் இயந்திரத்தை இறுதியில் தன் சம்மட்டியால் தானே வீழ்த்தினாள். 2001 இல் வந்த ஆட்டத்திலே, உலகின்மீது பழி தீர்க்க நின்ற ஷாடோ என்னும் வீரனை நயந்து பேசி, அவன் மறந்திருந்த அன்பை நினைவூட்டினாள். சோனிக்கின் வேகம் ஆற்றாத காரியத்தை ஏமியின் சொல் ஆற்றிற்று.

மூன்றாமவன் நக்கிள்ஸ். அவுஸ்திரேலியாவில் வாழும் எக்கிட்னா என்னும் முள்விலங்கின் வடிவினன். வானிலே மிதக்கும் தீவொன்றில் பெருமரகதத்தைத் தனித்துக் காப்பவன். 1994 இல் எக்மானின் பொய்யை நம்பிச் சோனிக்கைத் திருடனென்று எதிர்த்தான். பின்னர் உண்மை உணர்ந்து நண்பனானான். எனினும் 1998 இலும் எக்மானின் சொல்லை நம்பி மீண்டும் ஏமாந்தான். நேர்மையும் தனிமையும் ஒருங்கே கொண்டவன், பிறரை அளந்தறியும் பயிற்சி இல்லாதவன் என்பதே அவன் குறைக்குக் காரணம்.

இனி, வளர்ச்சி பறிபோன கதையைக் காண்போர் வருந்தவே செய்வர். 2017 இல் வெளிவந்த ‘சோனிக் ஃபோர்சஸ்’ ஆட்டத்தில் எக்மான் உலகைக் கைப்பற்றுகின்றான், சோனிக் சிறைப்படுகின்றான். நக்கிள்ஸ் எதிர்ப்புப் படைக்குத் தலைமை தாங்குகின்றான். ஆனால் டெயில்ஸோ பகைவனைக் கண்டதும் ஒடுங்கிக் குனிந்து, சோனிக்கின் உதவியை வேண்டிக் கதறுகின்றான். நகரத்தைத் தனித்துக் காத்தவன் இவன்தானா என்று பழைய இரசிகர்கள் பலர் மனம் நொந்தனர். அவர்களுடைய வருத்தம் சிறுபிள்ளைத்தனமானதன்று. வீரனும் அஞ்சுவான், உயிர்த்தோழனை இழந்தவன் உடைந்துபோவதும் இயல்பே. பழைய வெற்றியைக் கதை நினைவிற் கொண்டு, அது ஏன் உடைந்தது என்று காட்டியிருந்தால் அச்சமும் ஒரு வளர்ச்சிப்படி ஆகியிருக்கும். அவ்வாறு காட்டாமையால், சிறுவயதில் விளையாடிப் பெற்ற வெற்றியை யாரோ அழித்துவிட்டது போன்ற உணர்வே எஞ்சிற்று.

அதற்கு ஒரு கழுவாய் 2022 இல் வந்தது. ‘சோனிக் ஃப்ரொன்டியர்ஸ்’ என்னும் ஆட்டத்தின் கதையை, நீண்டகாலம் சோனிக் சித்திரக்கதைகளை எழுதிவந்த இயன் ஃபிளின் எழுதினார். ஒருகால் துணிந்து நிற்பதும் மறுகால் அஞ்சி நிற்பதுமாகத் தான் நிலையற்று இருப்பதை டெயில்ஸ் சோனிக்கிடம் மனம் விட்டுச் சொல்கின்றான். எழுத்தாளரின் குறையாக இருந்தது பாத்திரத்தின் துயரமாக மாற்றப்பட்டது. மறைக்கப்படாமல் கதைக்குள்ளேயே பேசப்பட்டது. இனித் தன் காலில் நின்று பார்ப்பதாக டெயில்ஸும், தீவுக்கு அப்பாலுள்ள உலகைக் காண்பதாக நக்கிள்ஸும், தன் அன்பைப் பலருக்கும் பகிர்வதாக ஏமியும் உறுதி கொள்கின்றனர். 2023 இல் அவ்வாட்டத்துக்கு இலவசமாக வழங்கப்பட்ட கூடுதல் பகுதியிலே அம்மூவரையும் இயக்கி விளையாடும் வாய்ப்பும் கிடைத்தது.

அந்த மூன்று உறுதிமொழிகளும் விதைகள். அவை எவ்வாறு முளைத்தல் கூடும் என்று கற்பனை செய்வது பயனுடையது.

டெயில்ஸ் இயந்திரம் சமைப்பதில் வல்லவன். அவன் சமைத்த இயந்திரமொன்றே ஓர் ஊருக்குக் கேடு விளைவிப்பதாக ஒரு கதை அமையலாம். அப்பொழுது அவன் எதிர்நிற்க வேண்டியது தன் கைவேலையின் பயனை. பல நாள் உழைத்துச் சமைத்ததைத் தானே பிரித்தெறியும் துணிவு அவனுக்கு வேண்டும். அவனை அண்ணனாக எண்ணித் தொடரும் சிறுவன் ஒருவனும் உடனிருந்தால் கதை இன்னும் நிறைவெய்தும். 1992 இல் சோனிக்கின் பின்னே ஓடியவன், இப்பொழுது பின்னே வருபவனுக்காகச் சற்றே காத்து நிற்பான். சோனிக் ஒருபொழுதும் செய்யாத செயல் அது. ஆதலின் அது டெயில்ஸுக்கே உரிய பெருமையாகும்.

நக்கிள்ஸின் வளர்ச்சி தந்திரம் கற்பதில் இல்லை. தீவை விட்டு நீங்குபவன் பெருமரகதத்தை யாரிடம் ஒப்படைப்பது என்னும் வினா எழும். அறியாமையால் நம்பி ஏமாந்தவன், ஆராய்ந்து அறிந்து நம்பக் கற்றுக்கொள்வது உயர்ந்ததொரு கதைப்பொருள். வழியிலே சந்திப்போரின் சொல்லையும் செயலையும் ஒப்பிட்டு, யாரை நம்புவதென்று விளையாடுபவரே தீர்மானிக்கும்படி ஆட்டத்தை அமைக்கலாம்.

ஏமிக்கோ சம்மட்டி மட்டும் போதாது. பகைவருள் யாரைச் சொல்லால் வெல்லலாம், யாரிடம் சொல் செல்லாது என்று உணர்வதே அவள் கலை. அவளுடைய கனிவு ஒருமுறை தோற்று, அதனால் பிறர்க்குத் தீங்கு நேர்ந்தால், அதன் பின்னும் அவள் கனிவைக் கைவிடாதிருப்பாளா? 2001 இல் ஒருவனிடம் வென்ற சொல்லை இக்கேள்வி உண்மையாகவே சோதிக்கும்.

ஆண்டுதோறும் வரும் புதிய சிறுவருக்குப் பழங்கதை புரியாதே என்று வணிகர் கூறலாம். அதற்குப் பழங்கதை முழுவதையும் ஒப்புவிக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் தொடக்கத்திலே ஆபத்து வரும்போது டெயில்ஸ் சோனிக்கின் முகத்தைப் பார்க்காமல் முதலடி எடுத்து வைத்தால் போதும். புதியவர் அவனைத் துணிவுள்ள சிறுவனாகக் காண்பர். பழையவர் அவ்வோரடியில் 1998 இன் நகரத்தையும் 2022 இன் உறுதிமொழியையும் காண்பர்.

1992 இல் இரண்டாம் விசைக்கருவியைப் பிடித்த தம்பிமார் இன்று நாற்பதை அணுகியும் கடந்தும் வாழ்கின்றனர். அவர்கள் அண்ணனைப் போல் ஆகவில்லை. தத்தம் தொழிலையும் இல்லத்தையும் தாங்கும் மனிதராயினர். டெயில்ஸும் சோனிக்காக மாற வேண்டியதில்லை. அடைந்த இடத்தினின்றும் காரணமின்றிப் பின்னே தள்ளப்படாமல், தன் இரட்டை வாலோடு தன் வழியே பறந்து செல்ல விடப்படுதலே அவனுக்கு வேண்டுவது.