ஐயம் தீரச் சோதித்தல்



நெய்வேலியில் நின்று பேசுகிறவன் பழுப்பு நிலக்கரியைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீருடன் கரிய பொருள் வெளிப்பட்டது. அந்த ஒரு துளையைக் கொண்டு யாரும் முடிவு கூறிவிடவில்லை. இடம் மாற்றியும் ஆழம் மாற்றியும் பல துளைகளிட்டு ஆராய்ந்த பின்னரே, 1957இல் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். மண்ணுக்குக் காட்டிய அப்பொறுமையை உடலுக்கும் காட்டுதல் வேண்டும்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவருக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இருந்தது. நாணத்தால் யாரிடமும் கூறாமல், தாமே இரத்தத்தைச் சோதித்துக்கொண்டார். "குற்றமில்லை" என்று முடிவு வந்தது, எரிச்சலோ நின்றபாடில்லை. மாதங்கள் சில கழிந்தபின் மருத்துவரிடம் சென்றார். அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: எந்த நோய்க்குச் சோதித்தீர்? எதை எடுத்துச் சோதித்தீர்? எப்பொழுது சோதித்தீர்?

இக்கேள்விகளில்தான் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. மேகநோய் என்று முன்னோர் வழங்கிய பால்வினை நோய்கள் பல. கிரந்தி நோயையும் எச்.ஐ.வி.யையும் இரத்தம் காட்டும். வெட்டை நோயையும் கிளமிடியாவையும் சிறுநீரிலோ, நோயுற்ற இடத்தில் துடைத்தெடுத்த நீரிலோ தேட வேண்டும். காலமும் கருதத்தக்கது. கிருமி புகுந்த மறுநாளே சோதனை அதனைக் காட்டிவிடாது, எச்.ஐ.வி.க்குச் சில சோதனைகளில் 3 மாதம் வரை பொறுக்க நேரிடும். கிரந்தியின் முதற்புண் வலியின்றித் தோன்றித் தானே ஆறிவிடும். நோய் மட்டும் உள்ளே தங்கிவிடும்.

அவ்விளைஞருக்கு இருந்தது கிளமிடியா. அவருக்கும் அவர் மனைவிக்கும் மருந்து கொடுக்கப்பட்டு இருவரும் குணமடைந்தனர். ஒருவருக்கு மட்டும் மருந்தளித்திருந்தால் நோய் மீண்டும் வந்திருக்கும்.

1986இல் எய்ட்ஸ் நம் நாட்டில் இல்லை என்றே பலர் எண்ணினர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்ட, இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூரில் நடந்த சோதனையில் சிலவற்றில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. அதனோடு நில்லாமல், அமெரிக்காவில் மறுசோதனை செய்து உறுதி கண்டனர். உங்களைப் போன்ற மாணவி ஒருவர் "இல்லை" என்ற சொல்லை ஆராயாமல் ஏற்க மறுத்ததால் நாடு விழித்தது.

எரிச்சலெல்லாம் மேகநோய் அன்று. சிறுநீர்க் கல்லாகவும் இருக்கலாம். அதையும் மருத்துவரே தேர்ந்து சொல்லவேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை சொல்லாது. மருத்துவரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனைக்குக் கட்டணமில்லை. உங்கள் இசைவையும் அந்தரங்கத்தையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. 1097 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் பெறலாம்.

நோயுற்றது குற்றமன்று. ஐயம் இருக்கும்போது பாதியில் நிறுத்திவிடுவதே தவறு.