ஹூக்ளி நதியில் விளக்கொளி



சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் வந்து இறங்கி, பெட்டி படுக்கையுடன் நிலையத்தை விட்டு வெளியே வரும் தமிழன் முதன்முதலாகக் காணும் கொல்கத்தாக் காட்சி ஹௌரா பாலமே ஆகும். அன்று அதனை நின்று பார்க்க நமக்கு அவகாசமில்லை. முகவரிச் சீட்டைக் கையில் பிடித்தபடி கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துவிடுகிறோம். பின்னர் உத்தியோகம், வாடகை வீடு, குழந்தைகளின் படிப்பு என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஊரிலிருக்கும் தாயார், “நீங்கள் இருக்கும் ஊர் எப்படியப்பா இருக்கிறது?” என்று வினவினால் விடை கூறத் தெரியாமல் விழிக்கிறோம். அவ்விடையைத் தேடியே நண்பர்களாகிய நாங்கள் சனிக்கிழமை மாலைகளில் காமிராவுடன் ஆற்றங்கரைக்குச் செல்லத் தொடங்கினோம்.

1943-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாலத்திற்கு 1965-இல் ரவீந்திரநாத தாகூரின் நினைவாக ‘ரவீந்திர சேது’ என்று பெயரிடப்பட்டது. இதன் நடுக்கண் ஏறக்குறைய 457 மீட்டர் நீளமுடையது. ஆற்றின் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. ஆதலால் இரவில் பாலத்து விளக்குகளின் ஒளி, கரைக்குக் கரை தடையின்றி நீரில் விழுகிறது. அதனைப் படம் பிடிப்பதே எங்கள் ஆசை.

முதல் முயற்சி நகைப்புக்கிடமாயிற்று. படகுத்துறையின் மிதக்கும் மேடைமீது முக்காலியை நிறுத்தினோம். மேடை அலையோடு அசைந்தது. விளக்குகளெல்லாம் குழந்தையின் கிறுக்கல்போல் பதிந்தன. அன்றிலிருந்து கல்லாலான படித்துறையையே நாடுகிறோம்.

அடுத்த பிழை நேரத்தைப் பற்றியது. டிசம்பரில் கொல்கத்தாவில் மாலை 5 மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகிறான். நம் ஊர்க் கணக்கில் ஆறு மணிக்குச் சென்றால் வானம் கரிய திரையாகிவிடும். கதிரவன் மறைந்தபின் அரைமணி நேரம் வானில் ஆழ்ந்த நீலம் தங்கியிருக்கும். விளக்கொளியும் வானொளியும் ஒத்திருக்கும் அவ்வேளையே படத்திற்கு ஏற்றது. கொல்கத்தாக் கரையில் நின்றால், மேற்கே மங்கிவரும் அவ்வொளி பாலத்திற்குப் பின்புலமாக அமையும்.

ஐ.எஸ்.ஓ. 100, துளையெண் 8, பத்து விநாடி என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். விரல் பட்டால் கருவி அதிருமாகையால் தானியங்கி விசையைப் பயன்படுத்துதல் நலம். 2020-இல் பாலத்திற்கு நிறம் மாறும் புதிய விளக்குகள் அமைக்கப்பட்டன. பதிவின் இடையே நிறம் மாறினால் இரு நிறங்களும் கலந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஹூக்ளியில் கண்ணாடிபோன்ற பிரதிபிம்பத்தை எதிர்பார்த்தல் கூடாது. கடலின் ஏற்றவற்றம் இந்நகர் வரையிலும், அதற்கு அப்பாலும் எட்டுகிறது. ஒவ்வொரு சிற்றலையும் சாய்ந்த ஒரு சிறு கண்ணாடியாகி, விளக்கை வெவ்வேறிடத்தில் காட்டுகிறது. அவை யாவும் சேர்ந்து ஒரு விளக்கு நீரில் நீண்டதோர் ஒளித்தூணாகிறது. ஏற்றம் வற்றமாகத் திரும்பும் இடைவேளையில் ஓட்டம் சற்றே அடங்கும். அப்போது, நீர்மட்டத்திற்கு அருகே காமிராவைத் தாழ்த்தி வைத்தால் தூண்கள் சீராக விழும். 1992-இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவைப் பிரின்செப் துறையிலிருந்து எடுப்பதற்கும் இம்முறையே பொருந்தும்.

நீண்ட பதிவில் இன்னொன்றும் நிகழ்கிறது. விரைந்து நடப்பவர்கள் படத்தில் விழுவதில்லை. பேருந்துகளோ வெறும் ஒளிக்கோடுகளாகின்றன. எங்கள் படமொன்றில் துறையிலே நடமாடிய அத்தனை பேரும் மறைந்து, படியில் அசையாது அமர்ந்திருந்த ஒரு முதியவர் மட்டும் நிழலுருவாகப் பதிந்திருந்தார். படம் நன்றாக வந்திருந்தமையால் நண்பரொருவர் அதனைத் தம் தாயாருக்கு அனுப்பினார். அம்மையார் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “அந்தப் பெரியவர் யார்? இருட்டில் ஏன் தனியே உட்கார்ந்திருக்கிறார்?” என்றே கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு மூன்றடி தள்ளி முக்காலியை நிறுத்தியவர்கள் நாங்கள்! வெட்கமாயிருந்தது. அடுத்த சனிக்கிழமை அவரைத் தேடிச் சென்று, தெரிந்த அரைகுறை வங்காளியில் பேச்சுக் கொடுத்தோம். அவர் பழைய படகோட்டி. பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர். நம்மைப்போலவே அவரும் ஒருநாள் இந்நகரில் மூட்டையுடன் வந்து இறங்கியவர். நீரோட்டம் அடங்கும் வேளையை அன்று முதல் அவரிடமே கேட்டறிகிறோம்.

நேயர்களே! நீங்கள் வாழும் நகரிலும் ஓர் ஆறோ ஏரியோ, அதன் கரையில் ஒரு விளக்கோ இருக்கக்கூடும். கைப்பேசியேயானாலும் எடுத்துச் செல்லுங்கள். அசையாத இடத்தில் ஊன்றிப் பிடியுங்கள். படம் பதியும் அந்தப் பத்து விநாடியில், அருகில் அமர்ந்திருப்பவரையும் சற்றே திரும்பிப் பாருங்கள். ஊர் எப்படி இருக்கிறது என்று தாயார் கேட்கும்போது, அதன்பின் நம்மிடம் விடையிருக்கும்.