முதல் சம்பளமும் வீட்டுக் கணக்கும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளைகளின் பொறுப்புகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். பொறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினால் இஷா தொழுகை நேரம் வந்தாலும் கூட்டம் முடியாது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வாங்கும் சம்பளம் எவ்வளவு என்பதை வீட்டாரிடம் உள்ளபடி சொல்வது. கேட்பதற்கு எளிய காரியம். ஆனால் நம் ஊர்களில் இதைச் செய்ய முடியாமல் தவித்தவர்கள் மிகப் பலர். நாங்களும் அவர்களுள் அடக்கம்.

அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், காவிரி பாதி சோறு போட்டது. கடல் கடந்த சம்பாத்தியம் மீதி சோறு போட்டது. நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அதன்பின் வந்தது எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது. அதற்குள் 1973இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு வளைகுடா நாடுகள் ஆட்களை அழைக்கத் தொடங்கியிருந்தன. நாங்கள் அந்த வரிசையில் போனவர்கள்.

1994ஆம் ஆண்டு, நம் தெருவிலிருந்து நால்வர் ஒன்றாகப் புறப்பட்டோம். பம்பாயில் ஒரு முகவர், பெயர் வேண்டாம். கிடங்குக் கணக்காளர் வேலை, மாதம் 900 ரியால் என்று சொல்லி, ஆளுக்கு 35,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. குறுவை அறுவடைப் பணமும் போயிற்று. போய் இறங்கியபின் அரபியில் எழுதிய வேறொரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வேலை, மூட்டை இறக்குவது. சம்பளம் 600. அந்நாளில் ரியாலுக்கு எட்டு ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். சாப்பாட்டுக்கு 150 போக, நெருக்கிப் பிடித்து 400 ரியால் அனுப்பலாம். ஊர்க்கணக்கில் சுமார் 3,300 ரூபாய்.

இதை வீட்டுக்கு எழுதியிருக்க வேண்டுமா, இல்லையா? எழுதவில்லை. நால்வரில் ஒருவர்கூட எழுதவில்லை. அக்காலத்தில் ஒலிநாடாவில் பேசி அனுப்பும் வழக்கம் உண்டு. அறையிலிருந்த பழைய டேப்ரிக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு, "நல்ல வேலை, குளிர்சாதன அறை, ஒரு குறையுமில்லை" என்று முறை வைத்துப் பேசினோம். முதுகில் தைலம் தடவிக்கொண்டே பேசினோம் என்பது நாடாவில் பதிவாகவில்லை. அம்மா அழக்கூடாது, அத்தா தலைகுனியக் கூடாது என்பதே எங்கள் எண்ணம். அதில் கொஞ்சம் எங்கள் கௌரவமும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

விளைவு என்ன? எங்களில் ஒருவரின் வீட்டில், மகனுக்கு 900 ரியால் என்று நம்பி, தங்கையின் நிக்காஹை நிச்சயித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகைக்கும் ரொக்கத்துக்கும், "பையன் சவூதியில் இருக்கிறான், கொடுத்துவிடலாம்" என்று ஒப்புக்கொண்டார்கள். கைமாற்று போதாமல் வயலின் பேரில் கடன் வாங்கினார்கள். மாதம் 700 ரியாலாவது வரும் என்று போட்ட கணக்கு; வந்ததோ 400. அந்த இடைவெளி ஆறு ஆண்டுகள் அவர்களைத் தின்றது. ஒரு மா நிலம் கைமாறிய பிறகே கடன் அடைந்தது.

உண்மை வெளிப்பட்ட விதமும் சொல்லத் தக்கது. விடுமுறையில் ஊர் வந்த வேறொருவர், பேச்சுவாக்கில், "மூட்டை தூக்கி உங்கள் மகனுக்கு இடுப்பு போய்விட்டது" என்று சொல்லிவிட்டார். அடுத்து வந்த ஒலிநாடாவில் அந்தத் தாயார் பேசியது இன்றும் எங்கள் காதில் நிற்கிறது. "தம்பி, சொல்லியிருந்தியன்னா கல்யாணத்த ரெண்டு வருசம் தள்ளி வச்சிருப்போமே" என்றார்கள். திட்டவில்லை, அழவுமில்லை. நால்வரும் அன்றிரவு சாப்பிடவில்லை.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துக்கொள்ளும்படி கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். அந்நியருடன் நடக்கும் கணக்குக்கே அவ்வளவு கவனம் வேண்டுமென்றால், அத்தாவுக்கும் மகனுக்கும் இடையே மட்டும் எழுத்து எதற்கு என்று நாம் ஏன் வெட்கப்படுகிறோம்?

எழுத்தில்லாததன் விலையை நம் கடலோர ஊர்கள் ஒரே நாளில் கண்டன. 2018 நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யத்தை ஒட்டிக் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அவற்றுள் பல, மலேயா பணத்திலும் வளைகுடாப் பணத்திலும் வாங்கியவை. நிவாரணம் கணக்கிட மரங்களை எண்ண வந்தபோது, பட்டா யார் பெயரில் என்ற கேள்வி எழுந்தது. பணம் அனுப்பியவர் ஒருவர், கிரயம் முடித்தவர் ஒருவர், அனுபவித்தவர் வேறொருவர். சாய்ந்த தென்னைக்குப் பதில் கன்று வைத்தால் ஐந்தாறு ஆண்டுகளில் காய்க்கும். சகோதரர்களுக்குள் விழுந்த பிளவு அப்படித் தளிர்க்குமா என்பது வேறு விஷயம். ஆகவே, அனுப்பிய பணம் என்னவாயிற்று என்று கேட்பதும் மகனின் பொறுப்பே. அது மரியாதைக் குறைவாகாது.

இனி இன்றைய பிள்ளைகள். திருச்சி ஜமால் முகமதிலும் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியிலும் படித்து, சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறீர்கள். நம் பெண்பிள்ளைகளும் சம்பளம் வாங்குகிறார்கள், மகிழ்ச்சி. உங்களுக்கு ஒலிநாடா வேண்டியதில்லை; அன்றாடம் முகம் பார்த்தே பேசுகிறீர்கள். ஆனாலும் மறைப்பது மட்டும் மாறவில்லை. கைப்பேசி தவணை, பைக் தவணை, போதாக்குறைக்குச் செயலியில் வாங்கிய அவசரக் கடன், இவையெல்லாம் அத்தாவுக்குத் தெரியாமலே நடக்கின்றன. கடன் செயலிக்காரன் உறவினர் எண்களுக்கெல்லாம் அழைத்துப் பேசும் நாளில்தான் வீட்டுக்குத் தெரியவருகிறது. ஒரு முழுத்தாள் போதும் தம்பிமார்களே. கையில் வருவது, வாடகை, சாப்பாடு, தவணை, வீட்டுக்கு, தனக்கு என்று எழுதி, மாதம் ஒருமுறை அத்தாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். "தனக்கு" என்ற வரியை வெறுமையாக விடாதீர்கள். நாங்கள் விட்டோம்; ஐம்பது வயதில் திரும்பி வந்தபோது, ஓட்டு வீடு மாடி வீடாகியிருந்தது, எங்கள் கையில் மருத்துவச் செலவுக்கும் இல்லை. சேமநல நிதியில் வாரிசுதாரர் பெயர் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். திருமணத்திற்குப் பின் அதைப் புதிதாக எழுத வேண்டும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், சொல்லும்போது கேட்கிறவர் முகம் சுருங்கக் கூடாது. "அடுத்த வீட்டுப் பையன் இவ்வளவு அனுப்புகிறானாமே" என்ற ஒரு வாக்கியம் போதும், அவன் வாயை மூடிவிட. மஹர் கொடுத்து மணம் முடிக்க வேண்டிய சமுதாயம், பெண்ணுக்கு வீடும் நகையும் ரொக்கமும் கேட்கும் வரையில், அந்தச் சுமை அண்ணன் தம்பிகளின் சம்பளச் சீட்டின்மேல்தான் இறங்கும். கடற்கரை ஊர்கள் சிலவற்றில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு என்றே வழக்கம். மூன்று தங்கைகள் உள்ளவன் எத்தனை ஆண்டு பாலைவனத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெளிநாடு செல்வோருக்கு மட்டும் சில வார்த்தைகள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று உச்சவரம்பு உண்டு. முகவர் பதிவு பெற்றவர்தானா என்று ஈமைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது; நம்மவர்கள் அதன் வாசலை அதிகம் மிதிப்பதில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குடியேற்ற அனுமதி பெற்றே வளைகுடா செல்ல வேண்டும். அவர்களுக்கு 10 லட்சம் ரூபாய்க்கான காப்பீடும் கட்டாயம். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவரிடம் இவை எதுவும் கிடைக்காது.

1990இல் குவைத்திலிருந்து ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் திரும்ப நேர்ந்தது. 2013இல் சவூதியின் நிதாகத் கெடுபிடி, 2020இல் கொரோனா. இப்படி ஒவ்வொரு முறையும், கையில் நகல்கூட இல்லாமல் அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே நிர்வாகத்திடம் ஒரு விண்ணப்பம் வைத்தோம், ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நிக்காஹ் பதிவேடு இருக்கும் அலமாரியில், கீழ்த்தட்டைக் காலி செய்து தந்திருக்கிறார்கள். வெளிநாடு செல்வோர் பாஸ்போர்ட்டின் முதற்பக்கம், விசா, ஒப்பந்தம் ஆகிய மூன்றின் நகலையும் ஓர் உறையில் போட்டு, பெயரெழுதி அங்கே வைக்கலாம். ஒப்பந்தத்தில் அரபி இருந்தால் வாசித்துச் சொல்ல எங்கள் நால்வரில் இருவர் ஊரில் இருக்கிறோம். வரும் வெள்ளி முதல், ஜும்ஆ முடிந்து அஸர் வரை அலுவலகத்தில் இருப்போம்.