திசைச்சொல்லும் வீட்டுமொழியும்



பவணந்தி முனிவர் நன்னூலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த 12 நிலங்களிலிருந்தும், தமிழல்லாத 17 நிலங்களிலிருந்தும் வந்து வழங்குபவை திசைச்சொற்கள். வட்டார வழக்கை இழிவென்று தள்ளாமல் இலக்கணத்துள் இடமளித்தவர் ஒரு சமண முனிவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பிராகிருதமும் நிலத்தின் பெயராலேயே பிரிந்தது. மகதத்தில் மாகதி, சூரசேனத்தில் சௌரசேனி, மகாராட்டிரத்தில் மகாராட்டிரி. பகவான் மகாவீரர் அருளுரை வழங்கியது மக்களுக்கு விளங்கிய அர்த்தமாகதியில். குந்தகுந்தாசாரியர் சமயசாரத்தைச் சௌரசேனி வழக்கில் இயற்றினார். 2024 அக்டோபரில் மத்திய அரசு பிராகிருதத்துக்குச் செம்மொழித் தகுதி வழங்கியது. ஆயினும் அம்மொழி இன்று வீட்டுமொழியாக இல்லை. நூலிலும் வழிபாட்டிலுமே வாழ்கிறது.

எபிரேயமும் பல நூற்றாண்டுகள் அவ்வாறே இருந்தது. 1881இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகூதா, மறு ஆண்டு பிறந்த தம் மகனை எபிரேயம் மட்டுமே கேட்கும்படி வளர்த்தார். பின்னர்ப் பள்ளிகள் அதைப் பரப்பின. வீடு அம்மொழியை மீட்டது. மீட்பதற்குரிய சொற்களை நூல்கள் காத்து வைத்திருந்தன.

இங்கேதான் தமிழ்ச் சமணர் கவலைகொள்ள வேண்டிய செய்தி உள்ளது. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து பல குடும்பங்கள் சென்னைக்கும் அதன் புறநகர்களுக்கும் பெயர்ந்துள்ளன. அடையாற்றங்கரையில் நெசவுக்குப் பெயர்பெற்ற அனகாபுத்தூர் போன்ற ஊர்களில் பல வட்டாரத் தமிழ் கலந்து ஒலிக்கிறது. அங்கு வளரும் பிள்ளைகள் பள்ளித் தமிழும் ஆங்கிலமும் அறிவர். பாட்டியின் வயற்சொல்லும், நோன்புச் சமையற்சொல்லும், உறவுமுறை விளியும் அறியார்.

பிராகிருதத்துக்கு ஆகமங்கள் உள்ளன. மணிப்பிரவாளத்துக்கு ஸ்ரீபுராணம் உள்ளது. வீட்டு வழக்குக்கோ ஏடில்லை; பேசுவோர் மறைந்தால் அதை மீட்க வழியுமில்லை.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பணிகளை மேற்கொள்ளலாம். நாள்தோறும் ஓதும் பிராகிருத மந்திரத்தின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுக்குச் சொல் விளக்குதல் ஒன்று. முதியோரின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, அருஞ்சொற்களை ஊர்ப்பெயருடன் குறிப்பேட்டில் எழுதுதல் மற்றொன்று. இரண்டாவது பணி காத்திருக்காது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் தாத்தா பாட்டியின் ஊருக்குச் செல்லும்போதே அதைத் தொடங்குவது நலம்.

அறம் வளர்க!