பிரசவ வேதனையும் பொறுமையும் நமது கடமையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரித்தாகுக. அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட விடயம், எமது வீடுகளில் பெண்கள் தமக்குள் மட்டும் மெல்லிய குரலில் பேசிக்கொள்ளும் ஒன்றாகும். ஆண்கள் அதைக் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு நாம் அதைச் சொல்வதுமில்லை. ஒரு பிள்ளையைப் பெற்றெடுக்கும்போது ஒரு தாய் படும் வேதனையைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

இதைப் பேசத் தூண்டியவர் என் மூத்த மகள். அவர் இப்போது தலைப்பிள்ளையைச் சுமந்திருக்கின்றார். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் என் அருகில் வந்தமர்ந்து, "உம்மா, நான் பிறந்தபோது உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டார். இத்தனை வருடங்களாக இக்கேள்விக்கு நான் கூறிவந்த பதில், "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லபடியாக நடந்தது" என்பதே. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. அன்று மகளுக்குக் கூறியதையே இன்று உங்களுக்கும் கூறுகின்றேன்.

அது 1998 ஆம் ஆண்டு. கிழக்கிலங்கையின் கடலோர ஊர் ஒன்றில், என் உம்மாவின் வீட்டில் இருந்தேன். ஒரு புதன்கிழமை ஸுப்ஹு வேளையில் வலி தொடங்கியது. வலி வயிற்றைவிட முதுகிலேயே கடுமையாக இருந்தது. வீட்டிலிருந்த முதிய பெண்கள், "தலைப்பிள்ளை அப்படித்தான், நேரமெடுக்கும், அவசரப்படத் தேவையில்லை" என்றனர். எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சி முன்னரே தெளிவாகச் சொல்லியிருந்தார்: வலி ஒழுங்காக வரத் தொடங்கினாலும், நீர்க்குடம் உடைந்தாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வந்துவிட வேண்டும் என்று. ஆயினும், ஆண் வைத்தியர்தான் இருப்பாரோ என்ற கூச்சம் ஒருபுறம், வீட்டோடு பிள்ளை பிறந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு மறுபுறம். அன்றைய பகல் முழுவதும் இப்படியே கழிந்தது.

மஃரிபுக்குப் பின் நீர்க்குடம் உடைந்தது. அப்போதுதான் வாகனம் தேடத் தொடங்கினார்கள். யுத்த காலம். இரவில் பாதையில் இறங்க எவரும் துணியவில்லை. சோதனைச் சாவடிகளைக் கடந்து செல்ல விடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இரவை என்னால் மறக்க முடியாது. நான் கத்தினேன். "யா அல்லாஹ், இதைவிட என்னை மௌத்தாக்கிவிடு" என்றும் கதறினேன். அருகிலிருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் வாயைக் கையால் பொத்தி, "வெளியே ஆண்கள் இருக்கின்றார்கள், சத்தம் போடாதே. மௌத்தைக் கேட்பது பாவம். ஸப்ர் செய்" என்றார். அவர் என்மீது அன்பு கொண்டவர்தான். ஆனால் அந்த வார்த்தைகள் வலியைவிட ஆழமாக என்னுள் இறங்கின.

வியாழன் காலை ஒரு வேனில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டேன். பரிசோதித்த வைத்தியர் காரணத்தை விளக்கினார். பிறக்கும் வேளையில் குழந்தையின் முகம் வழமையாகத் தாயின் முதுகுப்புறம் நோக்கியிருக்கும். என் குழந்தையோ முகம் வயிற்றுப்புறம் நோக்கியவாறு இருந்தது. அதனாலேயே முதுகு வலியும் இத்தனை தாமதமும். பிரசவ அறையில் ஒரு தமிழ்ச் சகோதரி மருத்துவிச்சியாகக் கடமையில் இருந்தார். நான் பற்களைக் கடித்துச் சத்தத்தை அடக்குவதைக் கண்டு, "அழ வேண்டுமென்றால் அழுங்கள் மகள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள்" என்றார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். சீனி போட்ட தேநீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கத் தந்தார். முதுகைத் தேய்த்துவிட்டார். அதுவரை எவரும் எனக்குச் செய்யாத காரியங்கள் அவை.

வலி தொடங்கி ஏறத்தாழ 34 மணித்தியாலங்களின் பின், குழந்தையின் தலையில் கிண்ணம் போன்ற கருவியைப் பொருத்தி, நான் முக்கும்போது மெதுவாக இழுத்து, என் மகளை வெளியே எடுத்தார்கள். நீண்ட நேரம் உழைத்துக் களைத்த கருப்பை உடனே சுருங்காததால் இரத்தப்போக்கு ஏற்பட்டது. இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரத்தம் யாருடையது, எந்த இனத்தவருடையது என்பதை நான் இன்றுவரை அறியேன். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

அன்பர்களே, உடல் தேறிவிட்டது. ஆனால் மனதில் ஒரு முள் தைத்திருந்தது. அந்த இரவில் நான் பொறுமை இழந்துவிட்டேனா? அல்லாஹ்விடம் குற்றவாளியாகிவிட்டேனா? எவரிடமும் கேட்க வெட்கப்பட்டுப் பல வருடங்கள் இந்தச் சுமையோடு வாழ்ந்தேன்.

ஒரு ரமழானில் சூரத்து மர்யமை அதன் பொருளோடு ஓதிக்கொண்டிருந்தேன். எத்தனையோ தடவை ஓதிய அத்தியாயம்தான். பத்தொன்பதாம் அத்தியாயத்தின் 23 முதல் 26 வரையான வசனங்களை அன்றுதான் முதன்முதலாக விளங்கி ஓதினேன் என்று சொல்ல வேண்டும். பிரசவ வேதனை மர்யம் (அலை) அவர்களை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்க்கின்றது. இதற்கு முன்னரே தாம் இறந்து, மறக்கப்பட்டவளாகப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் கூறுகின்றார்கள். கூறியவர் யார்? உலகத்துப் பெண்களுள் அல்லாஹ் தெரிந்தெடுத்த உத்தமி.

தம் மானத்துக்கு மக்கள் களங்கம் கற்பிப்பார்களே என்ற அச்சமும் அக்கூற்றுக்குக் காரணம் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகின்றனர். ஆனால் அந்தக் கதறலுக்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள். அங்கே கண்டனம் இல்லை. வாயை மூடு என்ற கட்டளை இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. உண்பதற்குக் கனிந்த பேரீச்சம்பழம் வந்தது. ஆறுதல் சொல், நீர், உணவு ஆகிய மூன்றுமே வேதனையில் துடித்த அப்பெண்ணுக்கு அல்லாஹ் அனுப்பியவை. அன்றைய தினம் எவருடனும் பேச வேண்டிய சிரமம்கூட அவர்கள் மீது சுமத்தப்படவில்லை.

துன்பம் காரணமாக மௌத்தை ஆசைப்படுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள் என்பது உண்மையே. வாழ்வு நலவாக இருந்தால் வாழ வைக்கும்படியும், மரணம் நலவாக இருந்தால் மரணிக்கச் செய்யும்படியும் கேட்குமாறு அவர்கள் கற்றுத்தந்தார்கள். இந்த துஆவை நம் பெண்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்போம். ஆனால் வேதனையின் உச்சத்தில் தன்னை அறியாது கதறும் ஒருத்தியிடம் தீர்ப்புக் கூறும் நேரம் அதுவல்ல. ஐயூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது என்று தம் இறைவனிடம் முறையிட்டார்கள். அவர்களைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்று சிறப்பித்துக் கூறுகின்றான். தம் மகன் இப்ராஹீம் இறுதி மூச்சை விட்டபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. பொறுமை என்பது வலியை மறைப்பதன்று. வலியோடு அல்லாஹ்வின் பக்கம் திரும்புவதே பொறுமையாகும். அன்றிரவு நானும் "யா அல்லாஹ்" என்றுதான் கதறினேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். குர்ஆனை மூடிவிட்டு நீண்ட நேரம் அழுதேன்.

பெற்றோர்களே, பெரியோர்களே! ஸப்ர் என்ற பெயரில் தாமதம் செய்யாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுமாறு போதித்த மார்க்கம் நம்முடையது. நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு ஏவிய நபியின் உம்மத்தினர் நாம். பெண் வைத்தியர் கிடைப்பின் மிக நன்று. கிடைக்காதபோது, உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் ஆண் வைத்தியர் சிகிச்சையளிப்பதை மார்க்கச் சட்ட அறிஞர்கள் அனுமதிக்கின்றனர். பிரசவத்தில் மரணிக்கும் பெண் ஷஹீதின் அந்தஸ்தைப் பெறுகின்றாள் என்று ஹதீஸில் வந்துள்ளது. அது தாயை இழந்து தவிக்கும் குடும்பத்துக்கு அல்லாஹ் வைத்த ஆறுதல். நம் அலட்சியத்துக்கு அதனைச் சாட்டாக ஆக்கிக்கொள்ளலாமா?

நமது நாட்டில் 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புக்களுக்கு 1,500 க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை 30 அளவுக்குக் குறைந்துள்ளது. ஊர் தோறும் வீடு தேடி வரும் மருத்துவிச்சிகளும், இலவச வைத்தியசாலைகளும், இரத்த வங்கியும் இதற்குப் பெரிதும் காரணமாகும். இவை அல்லாஹ்வின் நிஃமத்துகள். கிளினிக் அட்டையை ஒழுங்காகப் பேணுங்கள். வாகனத்தையும் பணத்தையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். இரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலி, கண்பார்வை மங்குதல், காய்ச்சல் ஆகிய எதையேனும் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.

இளைஞர்களே, கணவன்மார்களே! உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஓர் இரவு மதீனாவின் எல்லையில் ஒரு கூடாரத்திலிருந்து முனகல் ஒலி கேட்டது. வழிப்போக்கர் ஒருவரின் மனைவி பிரசவ வேதனையில் துணையின்றித் துடித்துக்கொண்டிருந்தார். கலீபா வீடு திரும்பி, அலி (ரழி) அவர்களின் மகளாரும் தம் மனைவியுமான உம்மு குல்தூம் அவர்களை எழுப்பி அழைத்து வந்தார்கள். மனைவி உள்ளே சென்று மருத்துவம் பார்க்க, கலீபா வெளியே அடுப்பு மூட்டி, ஊதி ஊதி உணவு சமைத்தார்கள். குழந்தை பிறந்ததும் உள்ளிருந்து, "அமீருல் முஃமினீன் அவர்களே, உங்கள் தோழருக்கு ஆண் குழந்தை என்று நன்மாராயம் கூறுங்கள்" என்ற குரல் வந்த பின்னரே, சமைப்பவர் யார் என்பதை அம்மனிதர் அறிந்தார். அந்தக் கூடாரத்திலும் ஆறுதலும் உணவும் வந்து சேர்ந்தன. கொண்டு வந்தவர் ஒரு பேரரசின் தலைவர். நாம் அவர்களைவிட உயர்ந்தவர்களா, அடுப்படியில் நிற்பதற்கு வெட்கப்பட?

பிரசவ வேளையில் பெண் விரும்பும் ஒருவர் அவள் அருகில் துணையாக இருக்க வேண்டுமென 2018 இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துள்ளது. எங்கெல்லாம் அதற்கு அனுமதியுண்டோ அங்கெல்லாம் அதைப் பயன்படுத்துங்கள். பிள்ளை பிறந்தவுடன் எல்லோரும் பிள்ளையையே பார்ப்பார்கள். நீங்கள் தாயையும் பாருங்கள். நான் என் மகளைக் கையில் வாங்கியபோது மகிழ்ச்சி வரவில்லை. களைப்பும் பயமும்தான் வந்தன. அன்பு சில நாட்கள் கழித்தே மெல்ல ஊறியது. அதற்காக எந்தத் தாயையும் குறை கூறாதீர்கள். அவள் தொடர்ந்து அழுதுகொண்டும் உறக்கமின்றியும் இருந்தால் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளே! உங்கள் தாய் உங்களைச் சிரமத்துடன் சுமந்து, சிரமத்துடனேயே பெற்றாள் என்று சூரத்துல் அஹ்காபின் 15 ஆம் வசனம் நினைவூட்டுகின்றது. தன் தாயை முதுகில் சுமந்து கஃபாவைத் தவாப் செய்த யமன் நாட்டவர் ஒருவர், தாயின் கடனைத் தீர்த்துவிட்டேனா என்று இப்னு உமர் (ரழி) அவர்களிடம் வினவினார். பிரசவத்தின்போது எழுந்த ஒரு முனகலுக்குக்கூட அது ஈடாகாது என்பதே அவர்கள் அளித்த விடை. இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் உம்மாவிடம் கேளுங்கள், நான் பிறந்த நாளில் உங்களுக்கு என்ன நடந்தது என்று. அவர் கூறும்போது இடைமறிக்காமல் கேளுங்கள்.

நான் கூறி முடித்தபோது என் மகள் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகன் சற்று நேரத்தின் பின் வந்து, "மாமி, வாகனத்துக்கு இன்றே சொல்லி வைக்கின்றேன்" என்றார். அது போதும் எனக்கு.

யா அல்லாஹ், பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் எல்லாப் பெண்களுக்கும் அதை இலேசாக்கி வைப்பாயாக. மர்யம் (அலை) அவர்களுக்கு நீ அனுப்பிய ஆறுதலை அவர்களுக்கும் அனுப்புவாயாக. அந்த ஆறுதலைக் கொண்டு சேர்க்கும் கரங்களாக எம்மை ஆக்குவாயாக. பிள்ளைப்பேற்றில் உயிர் நீத்த தாய்மாருக்கு உயர்ந்த சுவனபதியை வழங்குவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.